பேர் விழுந்த பின் படிப்பு

எல்கடுவத் தேயிலை மலைகளை நினைக்கும்போதெல்லாம், நேயர்களே, எனக்கொரு கேள்வி எழும். மலையைவிட்டு இறங்க முடியாதவர் போதகராவது எப்படி?

1854இல் கண்டி மலைநாட்டுத் தோட்டங்களில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தார்கள். 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி பிறந்தது. தமிழிலும் சிங்களத்திலும் குருத்துவக் கல்வி கிடைத்தது. ஆனால் அது விடுதியில் தங்கிப் படிக்கும் படிப்பு. பிரட்டுக்களத்தில் பேர் விழாவிட்டால் அடுப்பெரியாத தொழிலாளி என்ன செய்வார்?

அதே 1963இல், தூரத்துக் குவாத்தமாலாவில் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளியொன்று இக்கேள்விக்கு விடை கண்டது. மாணவர் தொழிலை விடாமல், வீட்டிலிருந்தே வேதபாடத்தைத் தாமே படித்தார். வினாக்களுக்கு விடை எழுதினார். குறித்த நாளில் ஆசிரியர் அவர் ஊர்ப்பக்கம் வந்து கலந்துரையாடினார். 1971இல் பெங்களூரில் தோன்றிய 'டாஃப்டி' அமைப்பு இம்முறையை இந்தியாவில் வளர்த்தது.

இதன் சிறப்பு செலவுக் குறைவு மட்டுமன்று. ஊர் ஏற்கெனவே நம்பி மதித்த மனிதரையே படிப்பு தேடிச் சென்றது.

லயக் காம்பராவின் விளக்கடியிலும் ஒரு குரு உருவாகலாம். மலைநாட்டான் எனக்கு இந்த வரலாறு சொல்வது அதைத்தான்.