மூன்று பென்ஸ் தேயிலை வரி: அமெரிக்கக் குடியேற்றங்களில் வரி எதிர்ப்பு கிளர்ச்சியான வரலாறு

1765 வாக்கில் பிரிட்டனில் வாழ்ந்த ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 26 ஷில்லிங் வரி கட்டினார். மாசசூசெட்ஸ்வாசி பேரரசுக்குக் கட்டியது 1 ஷில்லிங். வர்ஜீனியாவில் வெறும் 5 பென்ஸ். வரலாற்றாசிரியர் ஆர். ஆர். பால்மர் தொகுத்துக் காட்டிய இந்தத் தலைவீதக் கணக்கு, அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் பள்ளிப் பாடங்கள் சொல்லும் கதைக்குச் சற்று இடைஞ்சலானது. தாங்க முடியாத வரிச்சுமைதான் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தது என்றால், முதலில் எழுந்திருக்க வேண்டியவர்கள் லண்டன்வாசிகள். அன்றைய உலகில் மிகக் குறைவாக வரி கட்டியவர்களுள் அடங்கும் அமெரிக்கக் குடியேறிகள் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள்? வரியின் அளவை விட்டுவிட்டு, அது வசூலான முறையையும் வசூலான பணம் போன இடத்தையும் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் ஏறத்தாழ இரட்டித்து 13 கோடிப் பவுனைத் தொட்டிருந்தது. பிரான்சிடமிருந்து பெற்ற புதிய எல்லைகளைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்தவும் முடிவாகியிருந்தது. அந்தச் செலவில் ஒரு பங்கையாவது குடியேறிகள் ஏற்க வேண்டும் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் எண்ணியதில் தவறு காண்பது கடினம். ஆனால் அவர் கணக்குப் பார்ப்பவர். அரசியல் பார்ப்பவர் அல்லர்.

1764இல் வந்த சர்க்கரைச் சட்டம் வரியைக் கூட்டவில்லை, குறைத்தது. ரம் காய்ச்சப் பிரிட்டனுக்கு உட்படாத மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மொலாசஸ் பாகுக்கு 1733 முதல் காலனுக்கு 6 பென்ஸ் சுங்கம் சட்டத்தில் இருந்தது. அதை அநேகமாக யாரும் கட்டியதில்லை; சுங்க அதிகாரியின் கையில் சில்லறையை வைத்தால் சரக்கு இறங்கிவிடும். கிரென்வில் அதை 3 பென்ஸாகக் குறைத்தார், ஆனால் வசூலிக்கத் தொடங்கினார். பிடிபட்ட சரக்கு மீதான வழக்குகளை நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் அமைத்த கடற்படை நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக வழிசெய்தார். பாஸ்டன் வணிகர் நூற்றுக்கணக்கான மைல் கடல் கடந்து, ஜூரி இல்லாத மன்றத்தில், தம் சரக்கு கடத்தல் சரக்கு அன்று எனத் தாமே மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. பாதியாகக் குறைந்த வரி அதனால்தான் இரட்டிப்பாகக் கசந்தது.

அடுத்த ஆண்டின் முத்திரைச் சட்டம் இன்னும் பெரிய பிழை. பத்திரம், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், கல்லூரிப் பட்டம், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை என எதுவும் 1765 நவம்பர் 1 முதல் அரசு முத்திரையோடுதான் இருக்க வேண்டும். அதற்கான விலையைப் பிரிட்டிஷ் நாணய மதிப்பில் செலுத்த வேண்டும். பிரிட்டனில் பல்லாண்டுகளாக நடப்பிலிருந்த ஏற்பாடுதான். ஆனால் இந்த வரி யார் தலையில் விடிந்தது என்று பாருங்கள்: வழக்கறிஞர்கள், அச்சகத்தார், பத்திரிகையாளர்கள், வணிகர்கள். ஊரிலேயே நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்த எல்லோரையும் ஒரே சட்டத்தால் பகைத்துக்கொண்ட அரசு வரலாற்றில் அரிது. வர்ஜீனியா அவையில் பாட்ரிக் ஹென்றி முன்மொழிந்த தீர்மானங்களில், அவை நிறைவேற்றாதவற்றையும் சேர்த்துப் பத்திரிகைகள் அச்சிட்டன. தாங்கள் தேர்ந்தெடுக்காத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி விதிக்க முடியாது என்ற சட்ட வாதம் இப்படித்தான் குடியேற்றமெங்கும் பரவியது.

தெருவுக்கோ சட்ட நுணுக்கம் தேவைப்படவில்லை. 1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்பனையாளராக அமர்த்தப்பட்டிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஒரு முதிய எல்ம் மரத்தில் தொங்கியது. செருப்புத் தொழிலாளி எபனேசர் மக்கின்டாஷ் தலைமையில் திரண்ட கூட்டம் அன்று மாலை ஆலிவரின் வீட்டைத் தாக்கியது. ஆலிவர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கினார். பன்னிரண்டு நாள் கழித்துத் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் மாளிகை சூறையாடப்பட்டு, அவர் எழுதிவந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் கையெழுத்துப் படிகள் தெருச் சேற்றில் கிடந்தன. இதே ஹட்சின்சன் முத்திரைச் சட்டம் கூடாதென்று தனிப்பட்ட முறையில் எழுதியவர் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருப்பார்களா என்பது ஐயமே. ஏழைகளின் சினத்தில் பணக்காரர் மீதான பழைய கோபமும் கலந்திருந்தது. வழக்கறிஞர்களும் வணிகர்களும் அந்தச் சினத்தைப் பயன்படுத்திக்கொண்டனர்; அதற்கு அஞ்சவும் செய்தனர்.

முத்திரைத்தாளை விற்க ஆளில்லை. ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் அக்டோபரில் நியூயார்க்கில் கூடினர். பிரிட்டிஷ் சரக்கு வேண்டாமென வணிகர்கள் உடன்படிக்கை செய்ததும் லண்டன் வியாபாரிகளே சட்டத்தை நீக்கச் சொல்லி மனு அனுப்பினர். 1766 மார்ச்சில் சட்டம் நீங்கியது. எல்லா விவகாரங்களிலும் குடியேற்றங்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டென்ற அறிவிப்புச் சட்டத்தையும் அன்றே நாடாளுமன்றம் நிறைவேற்றிக்கொண்டது. கொண்டாட்டத்தில் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

1767இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், வண்ணச்சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு விதித்த சுங்கத்தால் எதிர்பார்க்கப்பட்ட வருவாய் ஆண்டுக்கு 40,000 பவுன் மட்டுமே. அந்தப் பணத்தின் நோக்கத்தில்தான் வினை இருந்தது. அதுவரை ஆளுநரின் சம்பளத்தைப் பல குடியேற்றங்களில் உள்ளூர் அவைதான் வாக்களித்துக் கொடுத்தது. அவை சொல்லைத் தட்டும் ஆளுநருக்குச் சம்பளம் தாமதமாகும். இனி சுங்கப் பணத்திலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிக்கும் அரசரே சம்பளம் தரலாம் என்றானபோது, உள்ளூர் அவைகளின் கையிலிருந்த ஒரே கடிவாளம் நழுவியது. 1772இல் மாசசூசெட்ஸ் நீதிபதிகளுக்கு அரசுச் சம்பளம் என்ற செய்தி வந்ததும்தான் பாஸ்டனில் கடிதத் தொடர்புக் குழு பிறந்தது. பிற்காலக் கிளர்ச்சியின் அமைப்பு அங்கிருந்தே வளர்ந்தது. இதற்கிடையே 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் படைவீரர்கள் சுட்டதில் ஐவர் இறந்தனர். அதே நாளில் லண்டனில் பிரதமர் நார்த், தேயிலை தவிர மற்ற சுங்கங்களை நீக்க முன்மொழிந்தார். தேயிலைக்கு ராத்தலுக்கு 3 பென்ஸ் மட்டும் உரிமையின் அடையாளமாக நின்றது.

அந்தத் தேயிலையின் கதை இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. 1765இல் வங்காளத்தின் திவானி (வரி வசூல்) உரிமை பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கியது. 1769இல் மைசூரின் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து தன் நிபந்தனைகளுக்கு உடன்பட வைத்த காலத்தில் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அதைத் தொடர்ந்த வங்காளப் பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததாகக் கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். அவரே எழுதியபடி, அத்தனை பேர் மாண்ட பின்னரும் 1771இன் நிலவரி வசூல் 1768ஐ விஞ்சியது. பாஸ்டன்காரர்களைப் போல் தீர்மானம் போட ஓர் அவைகூட வங்காள உழவர்களுக்கு இல்லை.

சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை லண்டன் கிட்டங்கிகளில் தேங்கிக் கிடக்க, கம்பெனியைக் கைதூக்கிவிட வந்ததே 1773இன் தேயிலைச் சட்டம். இங்கிலாந்தில் கட்டிய வரி திருப்பித் தரப்படும், கம்பெனி தன் முகவர்கள் வழியே அமெரிக்காவில் நேரே விற்கலாம். டச்சுக் கடத்தல் தேயிலையைவிட இது மலிவாகவே இருந்திருக்கும். முகவர்களில் இருவர், இப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள். ஆசியாவில் கம்பெனி செய்ததை இங்கும் செய்யும் என்று பென்சில்வேனிய வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் அவ்வாண்டு எழுதி, வங்காளப் பஞ்சச் சாவுகளைச் சுட்டிக்காட்டினார். (ஹைதர் பெயரும் அங்கே எட்டியிருந்தது: 1782இல் பென்சில்வேனியாவின் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.)

நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. பாஸ்டனில் கப்பல்கள் திரும்பிச் செல்ல ஹட்சின்சன் அனுமதிச்சீட்டுத் தர மறுத்தார். சுங்கம் கட்டும் கெடு முடியவிருந்த டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களில் இருந்த 340 பெட்டிகளுக்குக் குறையாத தேயிலை கடலில் கொட்டப்பட்டது. கம்பெனி கணக்கில் இழப்பு 9,659 பவுன். பதிலுக்கு நாடாளுமன்றம் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் ஆட்சிச் சாசனத்தையே மாற்றியது. ஒரு நகரத்தின் சச்சரவைப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பொது வழக்காக்கி 1774 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் கூட வைத்தது அந்தத் தண்டனைதான். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் குண்டு பாய்ந்தபோது சண்டை தேயிலைக்காக நடக்கவில்லை. 1776இன் விடுதலைப் பிரகடனத்தின் நீண்ட குற்றச்சாட்டு வரிசையில் வரி நடுவில் எங்கோ ஒரு வரியாக வருகிறது. நீதிபதிகளின் சம்பளமும் ஜூரி உரிமையும் தனித்தனியே இடம்பெறுகின்றன.

புதிய நாட்டிலும் இதே வகைச் சிக்கல் எழுந்தது. போர்க்கடனை அடைக்க மாசசூசெட்ஸ் அரசு வரியை நாணயமாகவே கேட்டபோது, 1786இல் மேற்குப் பகுதி விவசாயிகள் நீதிமன்றங்களை முற்றுகையிட்டனர். குடியரசில் கிளர்ச்சி செய்பவருக்கு மரண தண்டனையே தகும் என்றார் பழைய கிளர்ச்சிக்காரர் சாமுவேல் ஆடம்ஸ். 1791இன் விஸ்கி வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவில் வசூல்காரர்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். இம்முறை அந்த விவசாயிகளுக்கு வாக்கும் இருந்தது, காங்கிரசில் உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனாலும் வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும், வழக்கு வந்தால் சுமார் 300 மைல் தள்ளி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக வேண்டும் என்பன அவர்களின் முதன்மைக் குறைகளில் அடங்கும். வழக்குகளை உள்ளூரிலேயே விசாரிக்கலாம் என்று 1794 ஜூனில் காங்கிரஸ் விதியைத் திருத்தியது. பழைய விதியின்படி பிறந்த அழைப்பாணைகளோ அடுத்த மாதம் வந்து சேர்ந்தன. அதோடு கலவரம் வெடித்தது.