முகமது ரேலா

கல்லீரல் மாற்று அறுவை மருத்துவர், ஆய்வாளர். மயிலாடுதுறை அருகே கிளியனூரில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றினார். 1997-இல், பிறந்து 5 நாளே ஆன பெண் குழந்தைக்குக் கல்லீரல் பொருத்தியது அவரை உலகறியச் செய்தது.

பகிர்வு மாற்று முறையில் அவரது பங்களிப்பு பெரிது: கொடையான ஒரே கல்லீரலைப் பிரித்து, இடப்பக்கச் சிறுபகுதியைக் குழந்தைக்கும் எஞ்சியதைப் பெரியவருக்கும் பொருத்துவர், ஒரு கொடை, இரு உயிர். கல்லீரல் மாற்று புற்றுநோய்க்கும் உதவும்: கல்லீரல் சுருக்கத்தோடு வரும் ஆரம்பநிலைக் கல்லீரல் புற்றுநோயில், மாற்று அறுவை கட்டியையும் நோயுற்ற உறுப்பையும் சேர்த்தே அகற்றுகிறது. சென்னை குரோம்பேட்டையில் அவர் பெயரில் மருத்துவமனை இயங்குகிறது.