கொப்பி, குப்பி, கைபேசி: வந்தாறுமூலையிலிருந்து ஒரு கற்பித்தல் விசாரணை

வெண்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி முடித்துத் திரும்பினால் கைகள் உயர்ந்திருக்கும். கேள்வி கேட்க அல்ல, படம் எடுக்க. நான் மறைத்துக்கொண்டு நின்றால், "சேர், கொஞ்சம் விலகுங்க" என்று பின்வரிசையிலிருந்து மரியாதையாகவே ஒரு குரல் வரும். விலகுவேன். முப்பது நாற்பது கைபேசிகளில் பலகை பதிந்துவிடும். பேனை எடுத்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம். விரிவுரை முடிந்து கதவடிக்குப் போகும்போது அடுத்த கேள்வி: "சேர், இத குறூப்புல போட்டுவிடுவீங்களா?"

இக்காட்சிக்கு ஆசிரியர் அறைகளில் இரண்டு விளக்கங்கள் உண்டு. பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பது ஒன்று. திரையோடு வளர்ந்த அவர்களின் மூளையே வேறு, ஆகவே வகுப்பறையும் திரைபோல் மாறவேண்டும் என்பது மற்றையது. இரண்டும் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். மாறியது மாணவரின் மூளை அல்ல, குறிப்புகள் தங்கியிருக்கும் இடம். ஒருகாலத்தில் ஆசிரியரின் கொப்பியில் மட்டும் இருந்தது இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. அப்படியானால் ஆசிரியருக்கு எஞ்சிய வேலை எது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டறைகளில் அல்ல, மட்டக்களப்பு மண்ணிலேயே கிடக்கிறது என்றும் கருதுகிறேன்.

அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய கட்டுரையொன்றில் கணினிகளோடு பிறந்து வளர்ந்தவர்களை மின்னிலக்க உலகின் பூர்வகுடிகள் என்றும், பின்னால் வந்து பழகிக்கொண்ட ஆசிரியர்களைக் குடியேறிகள் என்றும் பிரித்தார். உவமை பரவிய வேகத்தில் அதற்கான சான்று பரவவில்லை. சூ பெனற், காள் மேற்றன், லீசா கெர்வின் ஆகியோர் 2008இல் கிடைத்த சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, ஒரே வயதினரிடையேயும் திறன் வேறுபாடு பெரிது, ஒரு முழுத் தலைமுறையை ஒரே அச்சில் வார்க்க முடியாது என்று காட்டினர். எஸ்தர் ஹார்கிற்றாய் அமெரிக்க மாணவரிடையே செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. ஒரே வயதினரிடையேயும் இணையத்திறன் குடும்பப் பின்னணியைச் சார்ந்து வேறுபட்டது.

சான்று ஒருபுறமிருக்க, அந்த உவமையே நமது நாட்டில் நாக்கில் ஒட்டுவதில்லை. யார் பூர்வகுடி, யார் வந்தேறி என்ற கேள்வி இங்கே என்னென்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் அதை வகுப்பறைக்குள் எடுத்துவர யோசிப்பார். வந்தாறுமூலை என்ற பெயரை ‘வந்து ஆறிய மூலை’ என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். சொற்பிறப்பியலாளர் ஒப்புவார்களோ இல்லையோ, ஊரின் வரலாறு ஒப்புகிறது. 1981 ஓகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில்தான் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இல் சுற்றயல் ஊர்களிலிருந்து ஓடிவந்த மக்கள் தஞ்சமிருந்தது இவ்வளாகத்தில்தான், அவர்களில் 158 பேர் செப்டெம்பர் 5ஆம் திகதி கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற்போனதும் இங்கிருந்தே. இங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தாம், ஆசிரியரும் மாணவரும்.

மின்னிலக்க வளர்ப்பு என்பது இங்கே உண்மையில் என்ன? கணினி அல்ல. 2019இல் இலங்கை வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்தது என்கின்றன தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தரவுகள். நமது மாணவர் கைபேசியில் வளர்ந்தவர்கள். முன்பணம் கட்டிய டேட்டா, வட்ஸ்அப் குறூப், யூரியூப், கேம்ஸ்கேனர் இவைதாம் அவர்களின் ஊர். இரு பெருவிரல்களால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் வேகம் என்னை மலைக்க வைக்கிறது. அதே மாணவரைக் கணினி முன் இருத்தி, கோப்பை ஓர் உறையில் சேமித்து மறுநாள் எடுத்துக் காட்டச் சொன்னால் திணறுகிறார். ஒப்படைகள் சரிந்து கிடக்கும் புகைப்படங்களாக வந்து சேர்கின்றன.

இன்னும் நுணுக்கமான ஒரு தடையைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கையில் பல ஆண்டுகளாகத் தமிழ்க் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டுவந்தன. அது ஒருங்குறி அல்ல. அந்தக் கோப்பில் ‘சடத்துவம்’ என்று கண்ணுக்குத் தெரியும், தேடினால் அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். சரி, இணையத்தில் தேடுவோம் என்றால் அங்கே வேறு சிக்கல். நமது பாடசாலைப் புத்தகத்தின் சடத்துவம் தமிழ்நாட்டுக் காணொளியில் நிலைமம். நமது பௌதிகவியல் அங்கே இயற்பியல், நமது இரசாயனவியல் வேதியியல். உயர்தரத்தைத் தமிழில் முடித்து விஞ்ஞான பீடத்துக்கு வரும் மாணவர் விரிவுரையில் ‘இனேர்ஷியா’ என்று கேட்கிறார். மூன்று சொல்லும் ஒரே பொருளையே குறிக்கின்றன என்பதைக் கைபேசி தானாகச் சொல்லித்தராது. தேடவேண்டியது எது என்று தெரிந்தவருக்கே தேடுபொறி பயன்படும். இம்மூன்று சொற்களையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பது பத்து வினாடி வேலை. அதன்பின் வகுப்பில் சில முகங்கள் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறிப்புச் சொல்லி எழுதவைக்கும் முறையை இன்று கேலி செய்வது இலேசு. அது தோன்றிய நியாயத்தையும் சொல்லவேண்டும். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் திட்டப்படி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் எழுந்த மத்திய பாடசாலைகளும் அக்காலத்தவையே. பின்னர் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கியபோது பிள்ளைகள் இருந்தார்கள், புத்தகங்கள் போதவில்லை. மொழிபெயர்ப்பு நூல்கள் தாமதமாக வந்தன, வந்தவையும் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. அந்நிலையில் ஆசிரியரின் கொப்பிதான் நூலகம். அவர் சொல்ல அறுபது பிள்ளைகள் எழுதினால் மாலையில் அறுபது பிரதிகள் வீடு போகும். யுத்த காலத்தில் கிழக்கில் மின்சாரமும் போக்குவரத்தும் அறுந்தபோதும் அந்தக் கொப்பிகளே பரீட்சைக்குக் கரைசேர்த்தன. ஆக, குறிப்புச் சொல்வது பழைமைவாதமல்ல, பற்றாக்குறைக்குக் கண்ட தொழில்நுட்பம். அந்தப் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. தொழில்நுட்பம் மட்டும் பழக்கமாகி நிற்கிறது. ஸ்லைட் காட்டி வாசிப்பதும் அதே குறிப்புச் சொல்லல்தான், வெளிச்சம் மட்டும் கூட. நாற்பது ஸ்லைட் தயாரித்து அதை நவீனக் கற்பித்தல் என்று நம்பிய குற்றம் எனக்கும் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனாவால் நாடு மூடப்பட்டபோது வகுப்புகள் சூம் வழியே நடந்தன. ‘லேர்ன்’ வலையமைப்பினூடாகப் பல்கலைக்கழக மாணவருக்குச் சில காலம் கட்டணமில்லா இணைப்பும் கிடைத்தது. கவரேஜ்தான் கிடைக்கவில்லை. ஊவாவின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே மலை ஏறியது 2021இல் உலகச் செய்தியானது. 2022இல் பொருளாதாரம் சரிந்து, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. எரிபொருள் இல்லாததால் வளாகத்துக்கு வரமுடியவில்லை, மின்சாரம் இல்லாததால் வீட்டிலிருந்தும் படிக்கமுடியவில்லை.

அந்த இரண்டரை ஆண்டுகளில் உண்மையாகவே இயங்கிய வகுப்பு ஒன்று உண்டு. அதை எந்தச் சுற்றறிக்கையும் உருவாக்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அதன் பெயர் குப்பி. மூத்த மாணவரோ வகுப்பில் விளங்கிக்கொண்டவரோ மற்றவர்களை இருத்திச் சொல்லிக்கொடுக்கும் கூட்டம். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கிலிருந்து வந்த சொல், சிங்கள மாணவரிடமும் தமிழ் மாணவரிடமும் ஒரே பெயரில் வாழ்கிறது. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் விடுதி விறாந்தையிலும் மரத்தடியிலும் நடந்தது, அக்காலத்தில் வட்ஸ்அப் குரற்பதிவுக்கு இடம்மாறியது. அப்படியான பதிவு ஒன்றை ஒரு மாணவி எனக்குக் கேட்கத் தந்தார். ஏழு நிமிடம். பின்னணியில் சேவல் கூவுகிறது. "இஞ்ச பாருங்க, சேர் இந்த இடத்துல குறிய மாத்திட்டார் எண்டு நெனச்சிராதீங்க, அவர் திசைய மாத்தித்தான் எழுதினவர்" என்று ஒரு குரல் விளக்குகிறது. நான் இரண்டு மணித்தியாலம் விரிவுரை செய்தும் அந்தத் திருப்பத்தில் மாணவர் இடறுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் முதல்நாள் அவரும் அங்கேயே இடறியிருந்தார்.

ஹாவார்ட்டில் எரிக் மஸூர் 1991 முதல் பௌதிகவியல் வகுப்பில் செய்துவந்தது இதன் ஒழுங்குபடுத்திய வடிவமே. ஒரு கருத்துவினா கொடுத்து எல்லோரும் விடை தெரிவுசெய்ய வேண்டும், பின் பக்கத்திலிருப்பவரோடு வாதாடி மறுபடியும் தெரிவுசெய்ய வேண்டும். அதை நாம் சக மாணவர் கற்பித்தல் என்று மொழிபெயர்த்துப் பட்டறை வைக்கிறோம். பட்டறை முடிந்து வெளியே வந்தால் மரத்தடியில் குப்பி நடக்கிறது.

இம்மண்ணில் கிடக்கும் விடைக்கு அடுத்த உதாரணம் கூத்து. எனது துறை அதுவல்ல. ஆனால் மட்டக்களப்பில் வளர்ந்த எவரும் களரியை ஓரத்திலிருந்தாவது பார்த்திருப்பர். வடமோடியோ தென்மோடியோ, கூத்துப் பழகும் முறைக்கு ஒரு படிவரிசை உண்டு. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அதற்குரிய பாடப் பிரதியான சட்டத்தைக் கொடுப்பார். பழகியபின் சதங்கை அணிவர். பிறகு கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர் பேராதனையில் மாணவராக இருந்தபோது சு. வித்தியானந்தன் தயாரித்த கூத்துகளில் ஆடியவர், பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்.

என் கவனம் ஒரு சிறு விடயத்தில். கூத்தின் முழுப் பாடமும் ஏட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் அது கொப்பியாயிற்று, இன்று கைபேசியில் படமாகவும் இருக்கக்கூடும். ஏட்டைப் பார்த்து அடி எடுத்துக்கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனாலும் அண்ணாவியார் தேவைப்படுகிறார். ஏட்டில் இருப்பது பாட்டு. தாளக்கட்டுக்குள் கால் விழுவது ஏட்டில் இல்லை. மத்தளம் நின்றதும் பிழைத்த கால் எது என்று ஆடியவருக்கே தெரியும், சுற்றியிருந்த பிற்பாட்டுக்காரருக்கும் தெரியும். ஒருவரைத் திருத்தும்போது எல்லோரும் கற்கிறார்கள். தகவலை வைத்திருப்பவர் என்ற இடத்திலிருந்து அண்ணாவியாரை எவரும் விலக்கவேண்டியிருக்கவில்லை, அவர் அந்த இடத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. ஏடு வேறு, அண்ணாவியார் வேறு. நமது வகுப்பறையில் ஆசிரியர்தான் தானே ஏடாகிவிட்டார். ஆகவேதான் கைபேசி அவருக்குப் போட்டியாகத் தெரிகிறது.

களரியைப் பொற்காலமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. மரபில் பெண்களுக்கு அங்கே ஆட இடமிருக்கவில்லை. அண்ணாவியாரின் சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் இல்லை. இன்று எனது வகுப்பில் முன்வரிசை முழுவதும் மாணவிகள். எடுத்துக்கொள்ளவேண்டியது ஏடு வேறு, அண்ணாவியார் வேறு என்ற வேலைப்பிரிவு மட்டுமே.

அந்த வேலைப்பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? குறிப்பை முதல்நாளே குறூப்பில் போட்டுவிடலாம், ஒருங்குறியில், டேட்டாவைத் தின்னாத சிறு கோப்பாக. வகுப்பு நேரத்தைக் கணக்குப் போட, பிழைவிட, அந்தப் பிழையைப் பலகையில் எல்லோரும் பார்க்கத் திருத்தச் செலவிடலாம். ஸ்கொட் ஃபிறீமனும் குழுவினரும் 2014இல் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட மாணவர் சித்தியடையத் தவறும் வாய்ப்பு, வகுப்பில் செயற்பட்டுக் கற்றவரைவிட ஒன்றரை மடங்கு என்று கண்டனர். ஆனால் ஹாவார்ட்டில் லூயி டெலோரியேவும் சகாக்களும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முரணைக் காட்டியது. செயற்பட்டுக் கற்றவர்கள் கூடுதலாகக் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை இதமாக இருக்கும், திணறுவது இதமாக இராது. "சேர் இப்ப படிப்பிக்கிறதில்ல, எங்களத்தான் செய்யச் சொல்றார்" என்ற முறைப்பாட்டை எதிர்பார்த்தே இதில் இறங்கவேண்டும்.

கைபேசியை எங்கும் எதற்கும் என்று திறந்துவிடவும் நான் சொல்லவில்லை. பாப்லோ டெல்காடோவும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களை உள்ளடக்கியது. தகவல் நூல்களை வாசித்து விளங்குவதில் திரையைவிடத் தாளே முன்னின்றது. முக்கியம் என்னவென்றால், 2000 முதல் 2017 வரை ஆண்டு செல்லச்செல்ல அந்த இடைவெளி சுருங்கவில்லை, அகன்றது. திரையில் வளர்ந்தவர்கள் திரையில் நன்றாக வாசிப்பார்கள் என்ற ஊகம் இங்கேயே உடைகிறது. நீண்ட நிறுவலைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பதில் எனக்கு வெட்கமில்லை. போட்டோக்கொப்பிக் கடையில் பக்கமொன்றுக்கு அறவிடுவது மாணவருக்குச் சுமைதான். அதனால் எதை அச்சிடுவது என்று தெரிவதும் ஆசிரியரின் வேலையாகிறது.

2022 நவம்பரில் சட்ஜிபிரி வெளிவந்தபின் வீட்டு ஒப்படை என்ற பழைய கருவியும் மழுங்கிவிட்டது. இதைப் பேராபத்தாகப் பேசுகிறார்கள். எனக்கு அது ஏட்டின் இன்னொரு பிரதி, பேசும் ஏடு. சில இடங்களில் துணிந்து பிழை சொல்லும் ஏடும்கூட. ஒப்படையைக் கொண்டுவந்த மாணவரை மூன்று நிமிடம் பலகைக்கு முன் நிறுத்தி, அதிலுள்ள ஓர் அடியை மட்டும் மாற்றி மறுபடி செய்யச் சொன்னால் கால் தாளத்தில் விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நூற்றிருபது பேருக்கு மூன்று நிமிடம் வீதம் ஆறு மணித்தியாலம். பாடவேளையில் அதற்கு இடமில்லை என்பதே இம்முறைக்கு எதிரான மிக நேர்மையான ஆட்சேபம். குப்பியை ஓர் அரைவழியாக வகுப்புக்குள் அழைக்கலாம். ஆனால் மதிப்பெண் கொடுத்து அதிகாரபூர்வமாக்கினால் அது குப்பியாகவே இராது என்ற பயமும் எனக்குண்டு. மரத்தடியில் ஆசிரியர் இல்லாததால்தானே அங்கே கேள்வி கேட்கிறார்கள்.

அதற்கும் மேலே பரீட்சைத்தாள் இருக்கிறது. கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிட்டு மண்டபத்துக்குள் நாம் கொடுக்கும் வினாக்களில் பெரும்பாலானவை இன்னமும் ‘வரையறுக்க’, ‘எடுத்துரைக்க’, ‘பெறுக’ என்றே தொடங்குகின்றன. கொப்பியில் இருந்ததைத் திருப்பிக் கேட்கும் தாள் அது. அந்தத் தாள் அப்படியே இருக்கும்வரை பலகையைப் படமெடுத்து, குறிப்பைக் குறூப்பில் போடச் சொல்லும் மாணவர் செய்வது சரியான கணக்கு. சென்ற பருவத்துக்கான எனது வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறு வினாக்களில் நான்கு அப்படித்தான் தொடங்கியிருந்தன.