‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வி கெட்டுப்போன கதை

ஒரு தளத்தைத் திறந்து முதல் வரியையே வாசித்திருக்க மாட்டோம், அதுக்குள்ள மேல் மூலையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அறிவித்தல் அனுப்பட்டுமாம். கனபேர் யோசிக்காமலே ‘தடு’ என்பதை அழுத்திவிட்டுப் போவோம். அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கு.

2009இல் அப்பிள் ஐபோனுக்குப் புஷ் அறிவித்தல் சேவையைத் தொடங்கியது. அடுத்த வருசம் கூகிள் அன்ட்ரொய்டுக்குக் கொண்டுவந்தது. செயலி மூடிக் கிடந்தாலும் செய்தி வந்து சேரும். இணையத்தளங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்தை மூடினால் வாசகர் போனார்தான். செயலி செய்யக் காசில்லாத சின்னத் தளங்கள் மின்னஞ்சலையும் முகநூலையும் நம்பிக் கிடந்தன. 2013இல் அப்பிள் தன் மக் கணினிகளில் ஒரு வழி திறந்தது; ஆனால் அது சஃபாரிக்கு மட்டும்.

உண்மையான திருப்பம் 2015 ஏப்ரலில், குரோம் 42உடன் வந்தது. சேர்விஸ் வேர்க்கர் என்றொரு சின்ன நிரல், பக்கம் மூடிய பிறகும் தேவைப்பட்டால் எழும்பி வேலை செய்யும். பயனர் ஓம் என்றால் உலாவி அந்தத் தளத்துக்கென்றே ஒரு தனி முகவரியை உருவாக்கிக் கொடுக்கும். அந்த முகவரிதான் சந்தா. தளம் அதைச் சேமித்து வைத்து, சொல்ல ஏதும் இருக்கும்போது அங்கே அனுப்பும். பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம். என்னைக் கேட்டால், இணையத்தில் இவ்வளவு கண்ணியமான சந்தா முறை வேறு அதிகம் இல்லை.

ஆனால் அந்த முகவரி இருப்பது தளத்தின் சேர்வரில் இல்லை. குரோம் என்றால் கூகிளிடம், ஃபயர்பொக்ஸ் என்றால் மொசில்லாவிடம். நடுவில் எப்பவும் ஒரு தபால்காரர் நிற்கிறார். ஆரம்பத்தில் குரோமில் அவரால் மணியை மட்டுமே அடிக்க முடிந்தது. செய்தி என்னவென்று சேர்விஸ் வேர்க்கர்தான் தளத்திடம் திரும்பப்போய்க் கேட்க வேணும். 2016இல் குரோம் 50 வந்த பிறகு செய்தியையே மறைகுறியாக்கி அனுப்பலாம் என்றானது. கடிதம் அவர் கையால் போகும், ஆனால் அவரால் வாசிக்கேலாது.

தொழில்நுட்பம் சரிவந்தது, பழக்கம்தான் பிழைத்தது. எப்போது கேட்பது என்பது தளங்களின் கையில் விடப்பட்டது. அவை வாசலிலேயே கேட்டன. ஒருதரம் ‘தடு’ என்றால் அந்தத் தளத்தால் திரும்பக் கேட்க முடியாது. அதனால் சில தளங்கள் தாங்களே செய்த போலிப் பெட்டியை முதலில் காட்டி, ஆள் சம்மதிக்கிறாரா எண்டு நோட்டம் பார்த்தன. ஃபயர்பொக்ஸில் இந்தக் கேள்விகளில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படவில்லை, 48 சதவீதம் நேரடியாகவே மறுக்கப்பட்டன என்று 2019இல் மொசில்லா எழுதியது. நூற்றுக்கு ஒன்று!

2020 ஜனவரியில் ஃபயர்பொக்ஸ் 72, பயனர் எதையாவது அழுத்தாமல் பெட்டி எழும்பாதபடி செய்தது. அடுத்த மாதம் குரோம் 80, வழமையாகத் தடுப்பவர்களுக்கு அந்தக் கேள்வியைச் சத்தமில்லாத ஒரு சின்ன மணிப் படமாகச் சுருக்கியது. ஐபோனில் வெப் புஷ் வர 2023 மார்ச் ஆயிற்று. அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டும். பயனர் தொட்ட பிறகுதான் கேட்கலாம் என்ற விதி நியாயம். முகப்புத் திரை நிபந்தனை எனக்குக் கூடிப்போனதாகவே படுகிறது.

இப்போது மழை எச்சரிக்கை தரும் தளம் ஒன்று, ‘உங்கட மாவட்டத்துக்கு மட்டும் அனுப்பட்டுமா?’ எண்டு ஒரு பட்டன் வைத்துப் பொறுமையாகக் கேட்கலாம். ஆனால் அந்தத் தளத்தை முன்பொருநாள் எரிச்சலில் தடுத்தவருக்கு அந்தப் பட்டன் வேலை செய்யாது. அவரே உலாவியின் அமைப்புகளுக்குள் போய்த் தேடி மாற்ற வேணும்.