நடுகற்களில் உருவ அமைப்பு

நடுகல் என்பது போரிலோ ஆநிரைப் பூசலிலோ இறந்த வீரரின் நினைவாக நடப்படும் கல் ஆகும். வைகை அணைக்குக் கீழே, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டறியப்பட்ட மூன்று நடுகற்களில் உருவமே இல்லை. தமிழ்ப் பிராமி எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவர்தல்) இறந்த அந்தவன் என்பவனுக்கு உரியது. கிறித்துவுக்கு முற்பட்டவையாகக் கணிக்கப்படும் இவை, நடுகல்லுக்கு உருவம் கட்டாயமன்று என்பதைக் காட்டுகின்றன.

பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் பெரும்பாலும் வீரன் மட்டும் படைக்கலத்துடன் நிற்பான். கருநாடகத்தில் மிகுதியாகக் காணப்படும் அடுக்குக் கற்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: அடியில் போர், நடுவில் வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் அரம்பையர், உச்சியில் கடவுள். அடியில் இருப்பவன் தாழ்ந்தவன் அல்லன்; கல்லே அவனுக்காக நடப்பட்டது. வட அமெரிக்க வடமேற்குக் கடற்கரைப் பழங்குடியினரின் குலக்குறிக் கம்பங்களிலும் அடி உருவமே முதன்மையானதாக இருப்பதுண்டு.