சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன் கொள்ளைநோய் (1900–1904)

அமெரிக்கப் பெருநிலத்தில் பரவிய முதல் பிளேக். நோயோடு குடியேறிகள் மீதான வெறுப்பும் சேர்ந்து பரவியதற்குத் தெளிவான சான்று. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனர்களை ஏற்கெனவே வேண்டாதவர்களாக்கியிருந்தது. சீனர்களும் அவர்கள் வாழ்ந்த நெருக்கடியான குடியிருப்புகளுமே நோயின் ஊற்று என்று பலரும் நம்பினர்.

1900 மார்ச்சில் ஒரு சீனத் தொழிலாளியின் சடலத்தில் பிளேக் அறிகுறி தென்பட்டதும், நகராட்சி சீனர் வாழ்ந்த சைனாடவுனைக் கயிறு கட்டி அடைத்தது. வெள்ளையர்கள் வெளியேற விடப்பட்டனர். சீனர்கள் உள்ளே நிறுத்தப்பட்டனர். சில நாளில் தடை நீங்கினாலும் மே இறுதியில் மீண்டும் வந்தது. அதன் எல்லைக்கோடு சீனரல்லாதோர் கட்டடங்களைச் சுற்றி வளைந்து சென்றது. ஆசியர்கள் நகரைவிட்டுப் போக, நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியைப் போட்டிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. கிருமிக்கு இனம் தெரியாது. எனவே இவற்றை மருத்துவ நடவடிக்கை என்று ஏற்க இயலாது.

சீனர்கள் பணிந்துவிடவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் ஜூ ஹோ தொடுத்த வழக்கில், நீதிபதி வில்லியம் மோரோ 1900 ஜூனில் அந்தத் தடையைப் பாரபட்சமானது எனக் கூறி நீக்கினார். மறுபுறம், வணிகம் கெடும் என்று அஞ்சிய கலிஃபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ் பிளேக்கே இல்லை என்று மறுத்துவந்தார். 1904க்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் சீனர்.

1906 நிலநடுக்கத்துக்குப் பின் 1907இல் பிளேக் திரும்பியபோது நோயுற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அப்போது எந்தத் தெருவும் கயிறு கட்டி அடைக்கப்படவில்லை, எலிகளே ஒழிக்கப்பட்டன.