ஜெய்ப்பூர்: மலையை விட்டிறங்கிய தலைநகரம்

வடதேச யாத்திரை செல்லும் நம்மவரிற் பெரும்பாலார் காசி, கயை, பிரயாகை ஆகிய க்ஷேத்திரங்களைத் தரிசித்து, டில்லியையும் ஆக்ராவையும் ஒருங்கே பார்த்துக்கொண்டு ஊர் திரும்புவர். இன்னும் ஒரு நாள் கையிலுள்ளவர் ராஜஸ்தானத்தின் தலைநகராகிய ஜெய்ப்பூருக்குச் செல்வர். காலையில் ஆமேர்க் கோட்டை, நடுப்பகலில் அரண்மனை, மாலையில் ஹவா மஹாலின் முன் குடும்பத்துடன் ஒரு புகைப்படம், பின்பு கடைவீதியில் வளையலும் துணியும். அத்துடன் அந்த ஒரு நாள் முடிந்துவிடும். அங்ஙனம் சென்று வந்தவரை நகரம் எப்படி என்று வினவினால், எங்கு நோக்கினும் அரண்மனை, எங்கு நோக்கினும் கோட்டை என்று விடை சொல்வர். நாமோ அந்நகரில் காணத்தக்கவற்றுள் அரண்மனைகளுக்கு இரண்டாம் இடமே தருவோம். முதலிடம் அதன் தெருக்களுக்கு உரியது. அதற்குக் காரணத்தை அந்நகரின் சரித்திரமே சொல்லும்.

ஜெய்ப்பூர் பழைய ஊரன்று. 1727-ஆம் ஆண்டிற்கு முன் அவ்விடத்தில் அப்படியொரு நகரம் இருந்ததில்லை. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கச்சவாஹர் என்னும் ராஜபுத்திர வமிசத்தாரின் தலைநகராய் விளங்கியது, வடக்கே ஏறக்குறைய ஏழு மைல் தூரத்திலுள்ள ஆமேர். ஸ்ரீராமபிரானின் குமாரனாகிய குசனின் வழியில் வந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இவ்வமிசத்தார், ஆரவல்லி மலையின் இடுக்கொன்றிற் பதுங்கியிருந்து ஆண்டார்கள் என்றே கூறவேண்டும். ஆகையால் ஜெய்ப்பூரைப் பார்க்க விரும்புவோர் முதலில் ஆமேருக்குச் செல்லுதல் நலம். மூத்த ஊரைக் கண்ட பின்னரே இளைய ஊரின் அருமை விளங்கும்.

ஆமேரின் அரண்மனை ஒருவர் கட்டியதன்று. அக்பர் பாதுஷாவின் பெருந்தளபதியாக விளங்கிய ராஜா மான்சிங் காலத்தில் அது பெரிதும் எழுந்தது. பின்வந்த மிர்ஸா ராஜா ஜெயசிங் முதலியோர் மேன்மேலும் கட்டினர். முற்றத்திற்குள் முற்றமாக, வாயிலுக்குள் வாயிலாக அது மேலேறிச் செல்கின்றது. ஷீஷ் மஹால் என்னும் கண்ணாடி மண்டபத்தைக் கண்டு வியவாதார் இரார். சுவரிலும் விதானத்திலும் பதித்த சிறு கண்ணாடித் துண்டுகளில் ஒரு சுடர் ஆயிரம் சுடராகும் என்று வழிகாட்டிகள் சொல்வது பொய்யன்று. ஆயினும், மேல் மாடத்தில் நின்று கீழே நோக்குமாறு நம் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். அடிவாரத்தில் தெரியும் மாவோட்டா ஏரியின் நீரைப் படிப்படியாகச் சக்கரங்களும் குடங்களும் கொண்டு இவ்வளவு உயரத்திற்கு ஏற்றினார்கள். குளிக்கவும் குடிக்கவும் ஒவ்வொரு குடமும் மலையேறி வந்தாக வேண்டும். குடி பெருகப் பெருக அங்கே இடமும் நீரும் போதாமற்போயின. நகரம் பெயர்ந்ததற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் ஒன்றுண்டு என்பது நம் கருத்து. மேலே சொன்ன மிர்ஸா ராஜாவினும் வேறானவர் ஸவாய் ஜெயசிங். 1688-இல் பிறந்து, பதினொரு பிராயத்திற் பட்டமெய்தியவர். ஸவாய் என்பதற்கு ஒன்றேகால் என்று பொருள். ஏனையோரினும் காற்பங்கு மிக்கவர் என்பது கருத்து. அரண்மனையின் உச்சியில் பெரிய கொடியின் மேல் ஒரு சிறு கொடியும் பறப்பதை இன்றும் காணலாம். ஔரங்கசீப் 1707-இல் இறந்தபின் அவர் மக்களிடையே எழுந்த வாரிசுப் போரில் ஜெயசிங் தோற்ற பக்ஷத்தைச் சார்ந்திருந்தார். வென்று பட்டமேறிய பகதூர் ஷா 1708-இல் ஆமேரைக் கைப்பற்றிக்கொண்டார். மலையும் மதிலும் வாயிலும் அப்படியே நின்றன. ராஜ்யம் மட்டும் கைவிட்டுப் போயிற்று. அதனை மீட்டுக் கொடுத்தவை உதயப்பூர், ஜோத்பூர் என்னும் இரண்டு ராஜபுத்திர அரசுகளோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையும், அவ்வாண்டே நிகழ்ந்த போருமாம். இருபதாம் வயதில் இதை அனுபவித்த ஒருவர், மலையுச்சியை நம்பி வாழ்வதினும் சமவெளியில் செல்வம் சேர்த்து வாழ்வதே மேல் என்று எண்ணியிருப்பாராயின் அதில் வியப்பில்லை. இஃது நம் ஊகமே. எனினும் அவர் பின்பு கட்டிய நகரம் இவ்வூகத்திற்குச் சாக்ஷியாய் நிற்கின்றது.

நிற்க, மலையை அவர் முற்றும் கைவிட்டாரல்லர். ஆமேருக்கு மேலே 1726-இல் ஜெயகட் கோட்டையை முடித்தார். புதிய நகரின் தலைமேல் 1734-இல் நாஹர்கட் கோட்டையை எழுப்பினார். ஜெயகட்டில் ஜெயவாணம் என்னும் பீரங்கி இருக்கின்றது. 1720-இல் வார்க்கப்பெற்ற அதன் எடை 50 டன். குழலின் நீளம் 20 அடிக்கு மேல். இத்துணைப் பெரிய பீரங்கி பரீக்ஷைக்காக ஒரே ஒருமுறை வெடித்ததன்றி எந்தப் போரிலும் வெடித்ததில்லை. அதைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்திற் பத்திலொரு பங்கினரும் சற்றுத் தள்ளியுள்ள நீர்த்தொட்டிகளை எட்டிப் பார்ப்பதில்லை. மலைச்சரிவுகளிற் பெய்யும் மழையை நெடுந்தூரம் கால்வாய் வெட்டி அத்தொட்டிகளில் இறக்கினார்கள். பெரிய தொட்டி 60 லட்சம் காலன் கொள்ளும் என்பர். முற்றுகை வந்தால் கோட்டையைக் காப்பது பீரங்கியா தண்ணீரா என்பதைக் கட்டியவர் அறிந்திருந்தார். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இக்கோட்டையிற் புதையல் உண்டென்று அரசாங்கத்தார் பல மாதம் தேடினர். பொன் கிடைத்ததாக அவர்கள் அறிவிக்கவில்லை. வறண்ட நாட்டில் பொன்னினும் அரிய பொருள் அத்தொட்டிகளிலேயே இருந்தது.

இனி நகரத்திற்கு வருவோம். 1727-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. திட்டம் வகுத்தவர் வித்யாதர் பட்டாச்சாரியர் என்னும் வங்காள அந்தணர். ஆமேர் ராஜ்யத்தின் கணக்கு அலுவலில் இருந்தவர். பிற ஊர்கள் மரம்போல் தாமே வளர்வன. ஒரு குடிசை, பக்கத்தில் ஒன்று, இடையில் ஒரு சந்து, பின்பு தெரு என்று அவை உண்டாகும். ஜெய்ப்பூரோ குடி புகுமுன்னே கோடு கீறி அளந்து வைத்த ஊர். வாஸ்து முறைப்படி ஒன்பது சதுரங்கள். அவற்றுள் இரண்டு அரண்மனைக்கும் அரசாங்கத்திற்கும், ஏழு குடிகளுக்கு. வடமேற்கு மூலையில் மலை குறுக்கிட்டமையால் அங்கு அமைய வேண்டிய சதுரத்தை எடுத்துத் தென்கிழக்கில் வைத்தனர். சாஸ்திரத்திற்காக மலையோடு மல்லுக்கு நில்லாமல், தேவைக்கேற்பச் சாஸ்திரத்தை வளைத்துக்கொண்ட இவ்விவேகத்தை நாம் மிகவும் பாராட்டுகிறோம்.

சூரியன் வாயில் கிழக்கே, சந்திரன் வாயில் மேற்கே. இவ்விரண்டினையும் இணைக்கும் ராஜவீதி ஏறக்குறைய இரண்டு மைல் நீளம், 111 அடி அகலம். அதனிற் பாதி அகலமுடையது அடுத்த தெரு. அதனிற் பாதி அதற்கடுத்தது. கடைசிச் சந்துகள் சுமார் 13 அடி. மோட்டார் வண்டி என்பதைக் கனவிலும் கண்டிராத காலத்தில் 111 அடி தெருவை விட்டாரே, அவர் யாருக்காக விட்டார்? யானை ஊர்வலத்திற்கு மட்டுமன்று. தெருவின் இருமருங்கும் ஒரே அளவிற் கடைகள் வரிசையாய் அமைந்தன. வெளிநாட்டு வணிகரை ஓலை போக்கி வரவழைத்தார். மனையும் வரிச்சலுகையும் அளித்தார். மணிவணிகர்க்கு ஜௌஹரி பஜார், அரக்கு வளையல் செய்வோர்க்கு ஒரு தெரு, பித்தளைப் பாத்திரம் அடிக்கும் தட்டார்க்கு ஒரு தெரு, கற்சிலை செதுக்குவோர்க்கு ஒரு தெரு என்று தொழிலும் குலமும் நோக்கி இடம் வகுத்தார். அத்தெருப் பெயர்களுட் பல இன்னும் வழங்குகின்றன. அத்தொழில்களும் பல அங்கேயே நடக்கின்றன. மரகதம் பட்டை தீட்டுவதில் இந்நகருக்கு உலகெங்கும் இன்றுள்ள பெயர், அன்று அழைத்து வந்து குடியேற்றியதன் பயனேயாகும். கைத்தொழிலாலும் வாணிபத்தாலும் வாழும் நம்போன்ற ஸமூகத்தார், இத்தெருக்களில் ஒருமுறை மெதுவாய் நடந்து பார்த்தல் வேண்டும். தரகர் ஒருவர் கையைப் பிடித்து ஏதேனும் ஒரு கடைக்குள் இழுத்தால் மட்டும் விலகிக்கொள்க. சுத்தியலோசை கேட்கும் சந்துகளிலேயே காட்சியும் உண்டு, விலையும் நயம்.

அரண்மனையைச் சுருக்கமாய்ச் சொல்வோம். ஏழு நிலைகளையுடைய சந்திர மஹாலும் மயில் வாயிலும் அழகியன. ஆங்குள்ள இரண்டு வெள்ளிக் குடங்கள் வேடிக்கையானவை. ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம். சுமார் 4,000 லிட்டர் நீர் கொள்ளும். 14,000 வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்தனவாம். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவிற்கு 1902-இல் இங்கிலாந்து சென்ற மஹாராஜா மாதோசிங், கடல் கடந்த நாட்டில் அந்நிய நீர் அருந்தலாகாதென்று கங்கைநீரை இவற்றில் நிரப்பிக் கப்பலேற்றிக்கொண்டு போனார். ஆசாரத்திற்கு இத்துணை வெள்ளி செலவாகுமென்றால் ஏழைகள் ஆசாரம் காப்பது எங்ஙனம் என்று நம்முடன் வந்த ஒரு பெண்மணி கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அரண்மனையை அடுத்துள்ள ஜந்தர் மந்தரிலோ அரை நாள் இருந்தாலும் தகும். ஜெயசிங் வான சாஸ்திரத்தில் வல்லவர். சிறு பித்தளைக் கருவிகள் தேய்ந்தும் ஆடியும் பிழை காட்டுவதைக் கண்டு, கல்லாலும் சுண்ணத்தாலும் கட்டிடங்களையே கருவிகளாக எழுப்பினார். டில்லி, உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய நகரங்களிலும் கட்டினார், மதுராவிலிருந்தது அழிந்தது. ஜெய்ப்பூரிலுள்ளதே பெரிது, பத்தொன்பது யந்திரங்கள். அவற்றுள் ஸம்ராட் யந்திரம் சுமார் 90 அடி உயரமுள்ள நிழற்கடிகாரம். அதன் சாய்சுவர் அவ்வூரின் அக்ஷாம்சமாகிய 27 பாகைக்கு ஒத்துச் சாய்ந்து வடதுருவத்தை நோக்குகின்றது. நிழல் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். நாமும் விரலை வைத்துப் பார்த்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே நிழல் விரலைக் கடந்தது. போர்த்துகல் தேசத்திற்குத் தூது விடுத்து ஐரோப்பியரின் வான கணித வாய்பாடுகளையும் வருவித்து, தம் கணக்கோடு ஒப்பிட்டு, அவற்றிற் பிழை கண்டவர் இம்மன்னர்.

ஹவா மஹாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1799-இல் ஸவாய் பிரதாபசிங் கட்டியது. ஐந்து நிலை, 953 சாளரங்கள். வெளியிலிருந்து பார்ப்போர் இதை மாபெரும் அரண்மனை என்று எண்ணுவர். உட்சென்றால், மேல் நிலைகள் ஓரறை ஆழமே உள்ளன. அரசகுலப் பெண்டிர் பிறர் கண்ணிற் படாமல் தெருவை வேடிக்கை பார்ப்பதற்கு எழுப்பிய சுவர் அது. எல்லாச் செல்வமும் உள்ள அரண்மனைப் பெண்டிர் ஆசையுடன் பார்த்தது தெருவை! சந்தையும் கூச்சலும் ஊர்வலமும் நிறைந்த அத்தெருவில் ஓரடி வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. நம் பெண்மணிகள் அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் உள்ளேறி, அச்சாளரத்தின் சிறு துளை வழியே ஒரு நாழிகை கீழே பார்ப்பாராக.

ரோஜா நிறத்து நகரம் என்னும் பெயர் பழையதன்று. 1876-இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக மஹாராஜா ராம்சிங் நகரெங்கும் காவிச்செம்மை பூசுவித்தார். இப்போது கடைவீதியில் வெயிலுக்கு ஒதுங்கும் தாழ்வாரங்கள் அதனினும் பிந்தியன. மைசூரில் திவானாக இருந்து புகழ்பெற்று, 1942 முதல் 1946 வரை ஜெய்ப்பூரின் முதன்மந்திரியாயிருந்த ஸர் மிர்ஸா இஸ்மாயில், தெருவை ஆக்கிரமித்தவற்றை அகற்றி ஒழுங்கு செய்த காலத்தவை அவை. மதிலுக்கு வெளியேயுள்ள பெரிய சாலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அத்தாழ்வாரங்களைக் கடைச்சரக்கு அடைத்துக்கொள்வதும், அரசினர் அகற்றுவதும், மறுபடி அடைப்பதும் பின்னரும் நடந்துவந்தன.

1949-ஆம் ஆண்டு மார்ச்சு 30-இல் ஸர்தார் படேல் இந்நகரில் ராஜஸ்தான் ஐக்கியத்தைத் தொடங்கி வைத்ததும் முடியாட்சி முடிவுற்றது. 1971-இல் மன்னர் மானியமும் நின்றது. ராம்பாக் அரண்மனை அதற்கு முன்பே, 1957-இல், ஹோட்டலாகிவிட்டது. யுனெஸ்கோ சபையார் ஜந்தர் மந்தரை 2010-இலும், ஆமேரை வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு 2013-இலும், மதில் சூழ்ந்த நகரம் முழுவதையும் 2019-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றனர். கட்டிடங்களை மட்டுமன்றி நகரத்தின் அமைப்பையும் கடைவீதிகளையும் மதித்து அளித்தது 2019-இன் சிறப்பு.

ஆனால் ஆமேரை விட்டு இறங்கச் செய்த தண்ணீர்க் குறை ஜெய்ப்பூரையும் தொடர்ந்து வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ராம்கட் ஏரியைக் கட்டினார்கள். நெடுங்காலம் நகரம் அந்நீரைக் குடித்தது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டின் படகுப் போட்டிகள் நடந்த அவ்வேரி, வரத்துக்கால்கள் அடைபட்டுப் பிற்காலத்தில் வறண்டுவிட்டது. இப்போது நகரத்தார் பெரிதும் நம்பியிருப்பது நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பனாஸ் நதியில் உள்ள பீஸல்பூர் அணையைத்தான். அரண்மனைகளையும் ஹோட்டல்களையும் மரகதம் தீட்டும் பட்டறைகளையும் தேடி அந்நீர் குழாய் வழியே வருகின்றது.